அவசரக்காரன் மடு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டிக்கெட் கவுண்டரில் உட்காரும்போது காலைத் தொங்கப்போடாதே, கீழே ஒரு பலகை வைத்துக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாய். இங்கே என் மனைவிக்கு இருமல் விட்டுவிட்டது. என் கண்தான் படுத்துகிறது. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே எழுத்து வரைந்தால் வேறென்ன ஆகும்?

உனக்கொரு செய்தி. எங்கள் வரைபட அலுவலகத்தில் மலைப் பகுதிக்குப் புதுப் படம் போடுகிறார்கள். அதில் பெயர் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உன் ஊர் ஆறு, பனி உருகிச் சொட்டுகிற இடத்திலிருந்து சமவெளியில் போய்ப் படுத்துக்கொள்கிற இடம் வரை, இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. அளக்கப் போனவர்கள் வழியெல்லாம் கேட்டு எழுதிய பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உச்சியில் ஆடு மேய்ப்பவர்கள் அதை நூலாறு என்கிறார்கள். உன் ஊரில் கல்லுருட்டி. கீழே வந்து உடம்பு பெருத்ததும் அகலாறு. எங்கள் தலைமை வரைவாளரை நாங்கள் 'கண்ணாடி' என்போம். அவர், "ஒரு ஆத்துக்கு ஒரு பேருதான்யா, மீதியெல்லாம் செல்லப் பேரு" என்று சொல்லிவிட்டார். எதை வைத்து எதை விடுவது என்று மண்டை காய்கிறது.

இன்னொன்று. உன் ஊருக்குச் சற்று மேலே, ஆறு திரும்புகிற இடத்தில், ஆழமான ஒரு மடுவுக்கு 'அவசரக்காரன் மடு' என்று குறித்திருக்கிறார்கள். எவனோ அவசரமாகக் குளிக்கப் போய்ச் செருப்பை ஆற்றுக்குத் தாரை வார்த்திருப்பான் என்று ஆபீஸே சிரித்தது. யார் அந்தப் புண்ணியவான்? விசாரித்து எழுது.

உன் தம்பி,
மசி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பலகை வைத்துக்கொண்டேன். வலி குறையவில்லை, ஆனால் நீ சொன்னதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி இருக்கிறது. அவளை வெந்நீரே குடிக்கச் சொல். உன் கண்ணுக்கு என்ன செய்வது? சின்ன வயதில் மைப்புட்டியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நின்றாயே, அன்றைக்கே உன் தலையில் எழுதியிருந்த தொழில் அது.

ஆற்றுக்கு ஒரு பெயர்தான் என்று உங்கள் கண்ணாடி சொல்வது நன்றாக இல்லை. உன்னை அப்பா ஒரு பெயரில் கூப்பிட்டார், நான் மசி என்றேன், பள்ளிக்கூடத்தில் வேறு ஏதோ சொன்னார்கள். மூன்று பேரும் கூப்பிட்டபோது நீ திரும்பிப் பார்க்கவில்லையா?

கல்லுருட்டி என்று சும்மா வைக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் முழங்கால் அளவுதான் ஓடும், அடியில் கூழாங்கல் தெரியும். வெயில் ஏற ஏற மேலே பனி கரையும். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர மத்தியானம் ஆகும். அதற்குப் பிறகு அது வேறு ஆறு. அடியில் கல் உருளுகிற சத்தம் என் கவுண்டர் வரைக்கும் கேட்கும். வானத்தில் ஒரு மேகம் கூட இருக்காது, ஆறு மட்டும் ஏறியிருக்கும். வெளியூர்க்காரர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

இந்த வாரம் பஸ் நிலையத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். மேசை, நாற்காலி எல்லாம் சுண்ணாம்பு. மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கண்ணாடியிடம் படித்துக் காட்டினேன். மூன்று பேர் கூப்பிட்ட கதையைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார். பெரிய எழுத்தில் ஒரு பெயரும், அந்தந்த ஊருக்கு நேரே சின்ன எழுத்தில் அந்தந்தப் பெயரும் போடலாமா என்று யோசிக்கிறாராம். ஆற்றுக்காக நீ வாதாடி ஜெயித்துவிட்டாய்.

தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயர் எல்லாம் நீல மையில், கொஞ்சம் சாய்வாக, ஓட்டத்தின் போக்கிலேயே எழுத வேண்டும். அதுதான் எனக்குப் பிடித்த வேலை. கல்லுருட்டி என்று ஆறு முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அவசரக்காரன் யாரென்று நீ சொல்லாமல் விட்டுவிட்டாய். இங்கே அவர் பிரபலமாகிவிட்டார். சாப்பாட்டு மணிக்கு முன்னால் எழுந்து ஓடுகிறவனை இப்போது எல்லோரும் அவசரக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறக்காமல் எழுது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

மசி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுத நாளாகிவிட்டது.

அது உன் மாமா. என் வீட்டுக்காரர்தான்.

மாமாவை நம் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. அவர் போனதற்குப் பிறகு ஊர் வைத்த பெயர். துக்கத்துக்கு வந்த நீ அந்த இடம் எது என்று கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. அன்றைக்கு அக்கரையில் டெலிபோன் கம்பி சரி பார்த்துவிட்டுத் திரும்பினார். மத்தியானம் தாண்டிவிட்டது. கயிற்றுப் படகு இந்தக் கரையில் நின்றது. அது வரும் வரைக்கும் அவரால் நிற்க முடியவில்லை, தண்ணீரில் இறங்கிவிட்டார். அவரைப் பற்றி உனக்குத் தெரியுமே. நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே சட்டை போடுவார்.

அந்த மடுவுக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. பலகையில் படகுத்துறை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் என் கவுண்டர் கண்ணாடியில் இருக்கிற சந்து வழியாக, "அவசரக்காரன் மடு ஒண்ணு" என்று கேட்கிறார்கள். நான் டிக்கெட்டில் எழுதிக் கிழித்துக் கொடுக்கிறேன். இத்தனை வருஷமாக இதை உனக்கு எழுதவில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஊர் வாயை நான் அடைக்க முடியாது. ஆனால் அச்சடித்துவிட்டால் அது நாளைக்குப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும். உன் மாமா நல்ல வேலைக்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கடைசியில் ஒரு அவசரக்காரன் என்று மட்டும் மிஞ்சக் கூடாது. அதை எழுதாதே, மசி. உன் கையால் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் படித்தேன். அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் என்னவென்று கேட்டாள், சொன்னேன். மாமா எனக்கு முதன்முதலில் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் பின்னால் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓடியது ஞாபகம் வந்தது.

ஆபீஸில் இப்போது யாரையும் அந்தப் பெயரில் கூப்பிட நான் விடுவதில்லை. காரணம் சொல்லவில்லை.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல முடியாது. பெயரை எடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. நாங்கள் பெயர் வைப்பவர்கள் இல்லை, மக்கள் சொல்வதை எழுதுகிறவர்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது படத்தில் ஏறும். கோடையில் சரிபார்ப்பவர் ஒருவர் நேரில் வந்து மறுபடி விசாரிப்பார். அப்போது ஊர் வேறு பெயர் சொன்னால் வேறு பெயர் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுவோம். எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

மசி


மே 19

அன்புத் தம்பிக்கு,

நலம், நீங்களும் நலம்தானே? நீ எழுதியதை நன்றாக யோசித்தேன். ஊர் வேறு பெயர் சொன்னால் வேறு பெயர் ஏறும் என்கிறாய். சரி, ஊரைச் சொல்ல வைப்போம் என்று இறங்கிவிட்டேன்.

முதல் நாள் கவுண்டரில் ஒருவர் வந்து வழக்கம்போலக் கேட்டார். "அப்படி ஒரு ஸ்டாப் இல்லீங்க. படகுத்துறைன்னு கேளுங்க" என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அதாங்க, அவசரக்காரன் மடு" என்றார். நானும் விடவில்லை. வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. கடைசியில் பஸ்ஸே கிளம்பிப் போய்விட்டது. அன்று என்னைத் திட்டாத ஆள் இல்லை.

இரண்டாவது வாரம் கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னைவிடச் சின்னவர், தலையைச் சொறிந்தபடி, "பழகின வாய் அக்கா, சட்டுனு மாறாது" என்றார். இப்போது ஸ்டாப் வந்தால் 'அவச' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'படகுத்துறை' என்கிறாராம். அதனால் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். தெரியாதவர்களுக்கும் கதை தெரிந்துவிட்டது.

டீக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர், சலவைக் கடை அம்மா, படகுக்காரர் எல்லோரிடமும் நேராகவே கேட்டுக்கொண்டேன். மடுவுக்கு என்ன பெயர் என்று யாராவது வந்து கேட்டால் அந்தப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள் என்று. எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். படகுக்காரர்தான் என்னவோ சொல்ல வந்தார். பிறகு, "சரிம்மா, உங்க இஷ்டம்" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மசி, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக என் ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சரிபார்ப்பவர் உன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டார். கடும் சளி. காகிதமெல்லாம் நனைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. ஆற்றங்கரையில் வழுக்கிவிட்டதாம், அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

உன் மடுவுக்கு அவர் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர், பால் மடு. செருப்புத் தைப்பவர், வளையல் மடு. சலவைக் கடை அம்மா, சோப்பு மடு. படகுக்காரர், தேன் மடு. எதைச் சொல்லக் கூடாது என்று சொன்ன நீ, எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. ஆளுக்கு ஒன்றைச் சொந்தமாகப் பெற்றுப் போட்டிருக்கிறார்கள். "இந்த ஊரில் எல்லோரும் கவிஞர்களா?" என்று கேட்கிறார் கண்ணாடி.

கடைசியில் ஒரு வரி. 'பஸ் நிலைய டிக்கெட் கவுண்டர் அம்மா: தெரியாது.'

விதிப்படி அந்த இடம் இப்போது வெறுமை. நீல வட்டம் ஒன்று இருக்கும், பெயர் இருக்காது. செப்டம்பர் கடைசியில் தகடு அச்சுக்குப் போகிறது. நீ கேட்டது நடந்துவிட்டது, அக்கா. சந்தோஷம்தானே?

மசி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். முழங்கால் ஏதும் அதிகமாகிவிட்டதா? இங்கே அவளும் தினம் தபால் பார்க்கிறாள். கண் டாக்டர் எனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார். இனி ஆபீஸில் இரண்டு கண்ணாடி.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போடு.

மசி


செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் மேல் ஒரு கோபமும் இல்லை. எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்தேன்.

உங்கள் சரிபார்ப்பவர் அன்று கவுண்டருக்கு வந்தார். வெளியூர் முகம், தோளில் பை, சாந்தமான ஆள். மடுவின் பெயர் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நானே போய்ப் பாத்துக்கறேன், படகுத்துறை ஒண்ணு குடுங்க" என்றார். தெரியாது என்று சொன்ன அதே சந்து வழியாக டிக்கெட்டையும் நான்தான் கொடுத்தேன். அது மத்தியான வண்டி.

மறுநாள் படகுக்காரர் கவுண்டருக்கு வந்தார். வரிசையில் நின்று வந்தார். நான் டிக்கெட் புத்தகத்தை எடுத்தேன். "டிக்கெட் வேணாம்மா, பேசணும்" என்றார். பூட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் வந்து பேரு கேட்டாரும்மா. நீங்க சொன்னீங்களேன்னு தேன் மடுன்னு சொல்லிட்டு, ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா மனுஷன் பேன்ட்ட மடிச்சு விட்டுட்டுத் தண்ணிக்குள்ள நிக்கிறாரு. தேன் மடுன்னா யாருக்குத்தான் கால் நனைக்கத் தோணாது? போகாதீங்க, மத்தியானத் தண்ணி, அடியில கல் உருளும்னு கத்தறேன். அந்த இரைச்சல்ல அவ்வளவு நீளமா கத்தினா என்ன கேக்கும்? படகத் திருப்பிக்கிட்டு வந்து கயித்த வீசி இழுத்தேன். இன்னும் ரெண்டு அடி போயிருந்தா அவ்வளவுதான்."

அவர் மேலும் சொன்னார்.

"அந்தப் பேர வெச்சது நாந்தாம்மா. ஊருல யாரும் இல்ல. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் அக்கரையில நின்னு கை காட்டுனாரு. இருங்க, இதோ வரேன்னேன். நான் கயித்தை அவுக்கறதுக்குள்ள கால வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் எவனாவது அந்த எடத்துல எறங்கினா, அவசரக்காரன் மடுன்னு ஒரு தடவ கத்துவேன். வெச்ச கால எடுத்துருவான். கேலிக்கு வெச்ச பேரு இல்லம்மா. கத்தறதுக்கு வெச்ச பேரு. அவருக்கப்புறம் அங்க ஒரு உசுரும் போகல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அன்று எத்தனை டிக்கெட் கொடுத்தேன், யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

இத்தனை வருஷமும் அந்தச் சந்து வழியாக என்னைக் குத்துகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். உன் மாமாவை ஊர் சிரிக்கிறது என்று நினைத்தேன். அவர் அவசரக்காரர்தான், மசி. அதை நான் இல்லையென்று சொன்னால் அவரை எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அவர் அவசரம் எல்லாம் வீட்டுக்கு வருவதற்குத்தான். தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரும். வரச் சொல்லி நான் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. அவருக்கே அப்படி வரப் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க இப்போதும் ஆசையாக இருக்கிறது.

தகடு அச்சுக்குப் போகவில்லை என்றால் அதை எழுதிவிடு. டீக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர், படகுக்காரர் மூவரும் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். மூவருக்கும் உறவில்லை, நீயே விசாரித்துக்கொள். சலவைக் கடை அம்மா மட்டும் சோப்பு மடுவே நன்றாக இருந்தது என்கிறார்.

உன் கையாலேயே எழுது.

அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவள் உன்னை மிகவும் விசாரித்தாள். விண்ணப்பம் தகடு போவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. கண்ணாடி அதை இரண்டு முறை படித்தார். சரிபார்ப்பவரைக் கூப்பிட்டு, "வழுக்கி விழுந்தியா, எறங்குனியா?" என்று கேட்டார். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பிறகு கண்ணாடி என்னிடம் திரும்பி, "யாருய்யா அந்த அவசரக்காரன்?" என்றார்.

"எங்க மாமா" என்றேன்.

பிப்ரவரியில் சிரித்த அதே அறைதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி தன் நாற்காலியைக் காட்டி, வெளிச்சம் நன்றாக விழுகிறது, இங்கே உட்கார்ந்து எழுது என்றார். நீல மையில், ஓட்டத்தின் போக்கில் சாய்த்து எழுதினேன். கடைசி எழுத்து கோணிவிட்டது, அதை மட்டும் சுரண்டி மறுபடி போட வேண்டியதாயிற்று. உற்றுப் பார்த்தால் தெரியும், யாரிடமும் சொல்லாதே.

ஆறு இப்போது நூலாறாகப் புறப்பட்டு, கல்லுருட்டியாக உன் ஊரைத் தாண்டி, அகலாறாக முடிகிறது. படத்தைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

மசி


நவம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. கவுண்டர் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிட்டேன், வெளியில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். சுரண்டிய எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். முழங்கால் பரவாயில்லை.

நேற்று எனக்கு விடுமுறை. காலை வண்டி கிளம்பும் முன், கவுண்டரில் என் வேலை பார்த்த பெண்ணிடம் வரிசையில் நின்று, "அவசரக்காரன் மடு ஒண்ணு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "படகுத்துறை" என்றார். "பழைய மாதிரியே கூப்பிடுங்க தம்பி" என்றேன். கூப்பிட்டார். இறங்கினேன்.

மாமா போன பிறகு நான் அங்கே போனதே இல்லை. அதையும் உனக்கு எழுதியதில்லை. தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது, நீ எழுதிய நீலத்தைவிடக் கொஞ்சம் பச்சை. படகு அக்கரையில் நின்றது. படகுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "இருங்கம்மா, இதோ வரேன்" என்று அங்கிருந்தே கத்தினார்.

அவர் வந்து சேரும் வரைக்கும் கரையிலேயே நின்றேன். உன் மாமாவுக்கும் சேர்த்துத்தான் நின்றேன்.

அக்கா